கதவு திறவாதது ஏன்? – ஒரு கையேட்டைப் பற்றிய மதிப்பீடு

வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும், புகைவண்டியில் இடம் பதிவு செய்யும்போதும், தேர்வு முடிவை அறியும்போதும் நாம் ஏதேனும் ஒரு தரவுத்தளத்தின் கதவைத் தட்டுகின்றோம். செய்திகளை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் கணிப்பொறி ஏற்பாடே தரவுத்தளம். அதைத் தாங்கி நிற்கும் கணிப்பொறிக்குச் செர்வர் என்று பெயர். வருபவர் யார், அவரை உள்ளே விடலாமா என்று செர்வர் முதலில் சோதிக்கின்றது. உரியவர் உள்ளே போக வேண்டும். மற்றவர் போகக் கூடாது. சொல்வதற்கு எளிதுதான். ஆனால் உரியவரே வெளியில் நின்று தவிக்கும் நாள்களும் உண்டு. அப்போது கையேட்டைத் திறக்கின்றோம். கையேடு நமக்கு உதவுகின்றதா? இக்கட்டுரையில் நாம் ஆராயப் போவது இந்த வினாவைத்தான்.

நான் எடுத்துக்கொண்டது போஸ்ட்கிரெஸ் எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருளின் கையேடு. சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்போம். அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியே இதன் மூலம். 1996-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மென்பொருளும் இலவசம், கையேடும் இலவசம். ஆகையால் சிறிய கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலும் இதைக் காணலாம். இக்கையேட்டில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது பற்றித் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. அதுவே நம் மதிப்பீட்டுக்கு உரியது.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர் எடுக்கும் அளவீடுகளையும் செய்முறை மதிப்பெண்களையும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்த்து வந்தோம். பழைய கணிப்பொறி தளர்ந்துபோகவே, புதியது ஒன்றில் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவி, பழைய தரவுகளையும் பயனர் பட்டியலையும் அப்படியே மாற்றினேன். மறுநாள் காலையில் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. கடவுச்சொல் பழையதே, ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் “கடவுச்சொற் சரிபார்ப்பு தோல்வியுற்றது” என்ற பொருளில் ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தது. செய்முறை வகுப்பு தொடங்கப் பத்து நிமிடமே இருந்தது. அவசரத்தில், யாரிடமும் கடவுச்சொல் கேட்க வேண்டாம் என்று அமைப்பை மாற்றிவிட்டேன். எல்லோரும் உள்ளே போயினர். வகுப்பும் நடந்தது. மாற்றியதை நான் மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கியபடியே வந்து, “சார், கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டேன். அப்படியும் உள்ளே போய்விட்டது” என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்த மூன்று வாரமும் வளாகத்தின் எந்தக் கணிப்பொறியிலிருந்தும், எவரும், எவர் பெயரிலும் மதிப்பெண்களைத் திருத்தியிருக்கலாம். அம்மாணவரின் நேர்மைதான் எங்களைக் காத்தது. நேர்மையை நம்பியா பூட்டுச் செய்கின்றோம்?

இந்தத் தவறில் என் பங்கு பெரியது. கையேட்டுக்கும் சிறிது பங்கு உண்டு என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு முன், கதவு எவ்வாறு இயங்குகின்றது என்று பார்ப்போம்.

ஐந்து பத்திகள் கொண்ட காவலேடு

போஸ்ட்கிரெஸ் செர்வரில் எச்.பி.ஏ. கோப்பு என்று ஓர் எழுத்துக் கோப்பு உண்டு. அதை வாயிற்காவலரின் ஏடு எனலாம். ஏட்டின் ஒவ்வொரு வரியிலும் பொதுவாக ஐந்து பத்திகள். இணைப்பு எந்த வகை, எந்தத் தரவுத்தளம், எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து வருகின்றார் என்பன முதல் நான்கு. அவரை எம்முறையில் சோதிக்க வேண்டும் என்பது ஐந்தாவது.

முறைகள் பல. ‘ஸ்க்ரேம்’ என்பது கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சோதிக்கும் முறை. ‘எம்.டி.5’ அதற்கு முந்தைய பழைய முறை. ‘பியர்’ என்பது, செர்வர் இருக்கும் அதே கணிப்பொறியில் அமர்ந்திருப்பவர் அங்கே எந்தப் பெயரில் நுழைந்திருக்கின்றார் என்று இயக்கமுறைமையைக் கேட்டறிவது. ‘ரிஜெக்ட்’ என்றால் மறுப்பு. ‘டிரஸ்ட்’ என்றால் நம்பிக்கை. அதாவது எதுவும் கேட்காமல் உள்ளே விடுவது.

காவலர் ஏட்டை மேலிருந்து கீழாகப் படிக்கின்றார். வந்தவருக்குப் பொருந்தும் முதல் வரி எதுவோ, அதுவே தீர்ப்பு. அவ்வரியின் சோதனையில் தோற்றால், அடுத்த வரியில் வாய்ப்புக் கிடையாது. எந்த வரியும் பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் வரியில் 192.168.1.0/24 என்ற முகவரித் தொகுதிக்கு ‘ரிஜெக்ட்’ என்று எழுதியிருக்கின்றது. இத்தொகுதியில் 256 முகவரிகள் அடங்கும். இரண்டாம் வரியில் 192.168.1.25 என்ற ஒரே முகவரிக்கு மட்டும் ‘ஸ்க்ரேம்’ என்று எழுதியிருக்கின்றது. இருபத்தைந்தாம் எண் கணிப்பொறி உள்ளே போகுமா? போகாது. முதல் வரியிலேயே அது அகப்பட்டுக்கொள்ளும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் போகும். எழுத்தில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை. இதை அறியாதவர் நாள் முழுதும் இரண்டாம் வரியையே திருத்திக்கொண்டிருப்பார்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஒரே கணிப்பொறியில் அமர்ந்து, ஒரே பயனர் பெயரைச் சொல்லி, ஒருமுறை ‘பியர் சரிபார்ப்பு தோல்வி’ என்ற விடையும், மறுமுறை கடவுச்சொல் கேட்கும் வினாவும் பெறலாம். முகவரி எதுவும் தராமல் தட்டினால் அது உள்ளூர் இணைப்பு. ‘லோக்கல்’ என்ற வரி பொருந்தும். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று முகவரி தந்து தட்டினால், அதே கணிப்பொறியே ஆனாலும், வலை வழியாக வந்தவராகக் கருதப்படுவீர்கள். ‘ஹோஸ்ட்’ என்ற வரி பொருந்தும். வீடு ஒன்று, வாசல் இரண்டு.

கையேட்டின் நிறைகள்

இவற்றையெல்லாம் நான் அக்கையேட்டிலிருந்துதான் கற்றேன். முதலில் பொருந்தும் வரியே தீர்ப்பு என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றது. ஒவ்வொரு பத்தியிலும் எழுதத்தக்கவை எவை என்று ஒன்றுவிடாமல் பட்டியல் தருகின்றது. மாதிரி வரிகளும், ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் உண்டு. ‘டிரஸ்ட்’ முறை ஒருவர் மட்டுமே புழங்கும் கணிப்பொறிக்கு ஏற்றது, பலர் புழங்கும் இடத்தில் அது தனியே போதாது என்று எச்சரிக்கின்றது. சொன்னது எதிலும் நான் பிழை கண்டதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு நூலில் இவ்வளவு துல்லியம் இருப்பது பாராட்டத்தக்கது.

பின் குறை என்ன?

மருந்துப் பட்டியலும் நோய்க்குறியும்

மருத்துவ நூல் இரண்டு வகை. ஒன்று மருந்துகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்வது. மற்றது நோய்க்குறிகளை வரிசைப்படுத்தி, இக்குறி கண்டால் இவற்றை ஐயுறுக என்று வழிகாட்டுவது. மருத்துவருக்கு முதல் நூல் போதும். நள்ளிரவில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையின் தாய்க்கு இரண்டாவதுதான் வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் கையேட்டின் அத்தியாயம் முதல் வகை. கோப்பின் அமைப்பு முதலில் வருகின்றது. பின்னர் முறைகள் ஒவ்வொன்றாக அணிவகுக்கின்றன. பெரும்பாலோர் வாழ்நாளில் தொடாத முறைகளும் அவற்றுள் உண்டு. இவையெல்லாம் முடிந்தபின், அத்தியாயத்தின் கடைசியில், சரிபார்ப்புச் சிக்கல்கள் பற்றி ஒரு சிறு பகுதி. அதில் நான்கே பிழைச் செய்திகள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரி விளக்கம். இறுதியில் ஒரு குறிப்பு: பயனருக்குச் சொல்வதைவிடக் கூடுதலான விவரம் செர்வரின் பதிவேட்டில் இருக்கலாம் என்று.

அன்பர்களே, அத்தியாயத்தில் சிக்கலில் மாட்டியவருக்கு மிகவும் பயன்படும் வாக்கியம் அதுதான். அதைக் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்லிச் செல்லலாமா?

ஒரே விடை, பல காரணங்கள்

அக்குறிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று காண்போம். “கடவுச்சொற் சரிபார்ப்பு தோல்வியுற்றது” என்ற விடை வந்தால் நாம் என்ன நினைப்போம்? கடவுச்சொல் தவறு என்றுதான். கையேட்டின் அப்பகுதியும், நீங்கள் தரும் கடவுச்சொல்லைச் சரிபாருங்கள் என்றே கூறுகின்றது. ஆனால் உண்மையில் அந்த ஒரே விடைக்குக் காரணங்கள் குறைந்தது ஐந்து:

1. கடவுச்சொல் தவறு.
2. அப்பெயரில் பயனரே இல்லை.
3. பயனர் உண்டு, அவருக்குக் கடவுச்சொல் எதுவும் தரப்படவில்லை.
4. கடவுச்சொல்லின் காலக்கெடு முடிந்துவிட்டது.
5. கடவுச்சொல் பழைய எம்.டி.5 முறையில் சேமிக்கப்பட்டுள்ளது. காவலேட்டின் வரியோ ஸ்க்ரேம் முறையைக் கேட்கின்றது.

வாசலில் நிற்பவருக்கு இவ்வைந்தும் ஒன்றாகவே தோன்றும். இது செர்வரின் சோம்பல் அன்று, வேண்டுமென்றே செய்தது. “அப்பெயரில் யாரும் இல்லை” என்று வெளியாருக்குச் சொன்னால், எந்தெந்தப் பெயர்கள் உள்ளே உண்டு என்று திருடன் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வான். ஆகையால் வெளியே ஒரே விடை; உண்மைக் காரணம் உள்ளே பதிவேட்டில். காவலேட்டின் எத்தனையாவது வரி பொருந்தியது என்பதையும் அங்கே காணலாம். அந்த வரி எண் கிடைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்ததாகும்.

இந்தக் காரணங்களில் சிலவற்றைக் கையேடு சொல்லாமல் இல்லை. கடவுச்சொல் தரப்படாத பயனர் எப்போதும் தோற்பார் என்று, கடவுச்சொல் முறைகளைப் பற்றிய வேறொரு பகுதியில் கூறுகின்றது. ஆனால் தேடுபவர் நிற்கும் இடம் சிக்கல்கள் பகுதி. விடை இருக்கும் இடம் வேறு. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியை ஓர் அலமாரியிலும் அதன் வில்லையை வேறோர் அலமாரியிலும் வைத்தது போன்றது இது.

வேறு வகையாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். செர்வரில் நுழைவு தோற்றால் 18456 என்ற பிழை எண் வரும். அங்கும் வெளியாருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. செர்வரின் பதிவேட்டில் மட்டும் ‘நிலை எண்’ ஒன்று பதிவாகும். 5 என்றால் பயனர் பெயர் செல்லாது. 8 என்றால் கடவுச்சொல் பொருந்தவில்லை. அந்நிறுவனத்தின் கையேடு இந்நிலை எண்களையும் பொருளையும் ஒரே அட்டவணையாகத் தருகின்றது. தவிப்பவருக்கு அந்த அட்டவணை ஊன்றுகோல். போஸ்ட்கிரெஸ் பதிவேடு எண்ணுக்குப் பதில் வாக்கியத்திலேயே காரணத்தைச் சொல்லிவிடுகின்றது. அது இன்னும் நல்லது. ஆனால் அவ்வாக்கியங்களைத் திரட்டி ஒரு பக்கத்தில் வைக்க அந்த அத்தியாயம் முயலவில்லை.

என் சிக்கல் எதுவாக இருந்தது?

என் ஆய்வுக்கூடத்துக்கு நேர்ந்தது ஐந்தாவது காரணம். அதைச் சிறிது விளக்க வேண்டும்.

கடவுச்சொல்லை உள்ளபடியே சேமித்து வைப்பது ஆபத்து. அதைக் கலக்கிச் சிதைத்த வடிவத்தையே வைக்க வேண்டும். ஒரே கடவுச்சொல் உள்ள இருவரின் சிதைவுகள் ஒன்றுபோல் ஆகாதிருக்க, ஒவ்வொருவருக்கும் வேறான ஒரு சேர்மானத்தைக் கலக்க வேண்டும். இச்சேர்மானத்துக்கு ‘உப்பு’ என்று பெயர். யூனிக்ஸ் இயக்கமுறைமையில் இவ்வாறு செய்ததை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் விளக்கி எழுதினர். போஸ்ட்கிரெஸின் பழைய எம்.டி.5 முறை பயனர் பெயரையே உப்பாகக் கொண்டது. 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் ஸ்க்ரேம் முறை சேர்ந்தது. இதில் உப்பு எழுந்தமானமாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. கலக்கல் வழக்கமாக 4096 முறை நடக்கின்றது. கடவுச்சொல் கம்பி வழியே போவதே இல்லை. பயனர் தமக்கு அது தெரியும் என்பதைக் கணக்கிட்டு நிறுவுகின்றார். செர்வரும் தான் போலி அன்று என்பதைப் பயனருக்கு நிறுவுகின்றது.

2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல் புதிய கடவுச்சொற்கள் தாமாகவே ஸ்க்ரேம் முறையில் சேமிக்கப்படுகின்றன. ஆனால் நான் மாற்றிக் கொணர்ந்த பயனர் பட்டியலில் இருந்தவை பழைய எம்.டி.5 சிதைவுகள். சிதைத்ததிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. ஆகவே செர்வர் தானே அவற்றைப் புதுமுறைக்கு மாற்றவும் இயலாது. காவலேடோ ஸ்க்ரேம் கேட்டது. சரியான கடவுச்சொல்லும் தோற்றது இதனால்தான். கடவுச்சொற்களை ஒருமுறை புதிதாகப் பதிந்திருந்தால் தீர்ந்தது. இப்பயனருக்குச் செல்லத்தக்க ஸ்க்ரேம் இரகசியம் இல்லை என்று பதிவேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் அதைப் படித்தேன். படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஃபியூஸும் செப்புக் கம்பியும்

வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி எரிகின்றது என்று, அதற்குப் பதில் தடித்த செப்புக் கம்பியைக் கட்டுபவர்களைக் கண்டிருப்பீர்கள். விளக்கு எரியும். ஆனால் மின்கசிவு எங்கே என்று சொல்லி வந்த ஒரே சாட்சியை வாயடைத்துவிட்டோம். ‘டிரஸ்ட்’ என்று எழுதுவதும் இதுவே. அது சிக்கலைத் தீர்ப்பதில்லை. சிக்கலைக் காட்டும் கருவியை நீக்கிவிடுகின்றது.

இதன் விளைவு கற்பனை அன்று. 2002-இல் எஸ்.க்யூ.எல். செர்வரின் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்ட கணிப்பொறிகளுக்குள் ஒரு புழுநிரல் புகுந்து பரவியது. 2017 சனவரியில், கடவுச்சொல் கேட்காமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோ டி.பி. தரவுத்தளங்கள் துடைக்கப்பட்டு, பணம் கேட்கும் ஓலைகள் மட்டும் விட்டுவைக்கப்பட்டன. பூட்டை உடைக்க எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. பூட்டே இல்லை.

இங்கே கையேட்டின் மேல் என் இரண்டாவது குறை. ‘டிரஸ்ட்’ ஆபத்து என்று அது கூறுகின்றது, உண்மை. ஆனால் மனிதர் அதை ஏன் நாடுகின்றனர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. சோம்பலால் அன்று, வழி தெரியாமையால் நாடுகின்றனர். ஆபத்தான குறுக்குவழியைத் தடுக்க எச்சரிக்கைப் பலகை போதாது. நேர்வழியை அருகிலேயே காட்ட வேண்டும்.

இருந்திருக்க வேண்டிய பக்கம்

அத்தியாயத்தின் முதல் பக்கமாக எது இருந்தால் எனக்கு உதவியிருக்கும்? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் பழகிய முறைதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை, வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்.

முதல் வினா: வாசல்வரை போய்ச் சேர்ந்தோமா? ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற விடை வந்தால் அது கடவுச்சொல் சிக்கலே அன்று. செர்வர் ஓடவில்லை, அல்லது 5432 என்ற வழக்கமான வாயில் எண் மாறியிருக்கின்றது, அல்லது செர்வர் தன் கணிப்பொறிக்குள் வரும் அழைப்பை மட்டுமே கேட்கின்றது. ‘லிசன் அட்ரஸஸ்’ என்ற அமைப்பு இயல்பாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றே இருக்கும். இந்நிலையில் காவலேட்டை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

இரண்டாம் வினா: எந்த வரி பொருந்தியது? பதிவேட்டைத் திற. ‘காவலேட்டில் இதற்கு வரி இல்லை’ என்று விடை வந்தால், பயனரின் முகவரியும் தரவுத்தளத்தின் பெயரும் அவ்விடையிலேயே இருக்கும். அவற்றை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்.

மூன்றாம் வினா: திருத்திய ஏட்டைச் செர்வர் படித்ததா? கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. மீண்டும் படிக்குமாறு செர்வருக்குச் சொல்ல வேண்டும். விண்டோஸில் மட்டும் புதிய இணைப்புகளுக்கு மாற்றம் உடனே செல்லும். 10-ஆம் பதிப்பு முதல், ஏட்டின் வரிகளைப் பிழையோடு சேர்த்துக் காட்டும் ஒரு பட்டியலைச் செர்வரிடமே கேட்டுப் பெறலாம். ஆனால் கவனம்: அது கோப்பில் இப்போது இருப்பதைக் காட்டுகின்றது, செர்வர் கடைசியாகப் படித்ததை அன்று.

நான்காம் வினா: முறையும் சேமிப்பும் பொருந்துகின்றனவா? முந்தைய ஐந்து காரணங்களையும் பதிவேட்டின் துணையோடு ஒவ்வொன்றாக நீக்கு.

தலைமைப் பயனரின் கடவுச்சொல்லே மறந்துபோய், ‘டிரஸ்ட்’ தவிர வழியில்லை என்ற நிலை வரலாம். அப்போதும் உள்ளூர் இணைப்புக்கு மட்டும், அந்த ஒரு பயனருக்கு மட்டும் ஒரு வரி எழுதி, கடவுச்சொல்லை மாற்றியவுடன் அவ்வரியை நீக்கி, ஏட்டை மீண்டும் படிக்கச் செய்ய வேண்டும். வேலை முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு எழக்கூடாது.

முடிவாக

போஸ்ட்கிரெஸ் கையேட்டின் இந்த அத்தியாயம் பொய் சொல்லாத நூல், மறைக்காத நூல். ஆனால் அது தன் பொருளை அறிந்த அளவுக்குத் தன் வாசகரை அறியவில்லை. எல்லாம் சரியாக நடக்கும் நாளில் அமைதியாகப் படிப்பவரை எண்ணி எழுதப்பட்டது. அடையாளச் சரிபார்ப்பைப் பற்றி அப்படிப்பட்ட நாளில் யார் படிக்கின்றார்கள்? கதவு திறவாத நாளில்தான் படிக்கின்றோம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் பரிந்துரை இது. இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். ஆனால் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அதன் இறுதிக் குறிப்பை முதலில் மனத்தில் இருத்துங்கள். பிறகு காவலேட்டின் அமைப்பு, பிறகு நீங்கள் பயன்படுத்தும் ஒரே ஒரு முறை. மற்றவை காத்திருக்கட்டும்.

எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கின்றது. மேலே சொன்ன நான்கு வினாக்களும் அதில் உள்ளன. எழுதி ஒட்டியவர், கடவுச்சொல் தவறியும் உள்ளே போய்விட்டேன் என்று வந்து சொன்ன அதே மாணவர்.